பெண் பிள்ளை பிறந்தால் யார் காரணம்?



நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். "மூணையும் பொண்ணாப் பெத்துட்டா" என்று மருமகளைத் திட்டும் பேச்சு இன்னும் நிற்கவில்லை. பிரசவ வலி தீரும் முன்பே "என்ன குழந்தை?" என்று பயந்து கேட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் பேசுகிறேன்.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல்லுக்குள் நூல் மாதிரி 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி இருக்கு. 22 ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிதான். கடைசி ஜோடியில்தான் வித்தியாசம். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், இன்னொன்று ஒய்.

தாயின் முட்டையிலும் தகப்பனின் விந்தணுவிலும் பாதிதான், 23 மட்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் 46 ஆகும்.

நம்ம அடுப்படியிலேயே பாருங்க. அம்மா டப்பாவில் துவரம்பருப்பு மட்டும். அப்பா டப்பாவில் துவரையும் உளுந்தும் பாதிக்குப் பாதி. கண்ணை மூடி ஆளுக்கு ஒன்று எடுக்கிறார்கள். இரண்டும் துவரையானால் பெண். ஒன்று துவரை, ஒன்று உளுந்தானால் ஆண். அம்மா டப்பாவில் இல்லாத உளுந்தை அவள் எப்படித் தருவாள்?

அதற்காக வீட்டுக்காரரையும் குறை சொல்ல வேண்டாம். அவரும் பார்த்து எடுப்பதில்லை. மூணு பெண் பிறந்தாலும் நாலாவதும் பாதிக்குப் பாதிதான்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ். பள்ளி ஆசிரியையாக இருந்து, 35 வயதில் பல்கலைக்கழகம் போனவர். தானியத்தில் வளரும் ஒரு வண்டை ஆராய்ந்தார். பெண் வண்டுக்கு 20 குரோமோசோமும் பெரியவை. ஆணுக்கு 19 பெரியது, ஒன்று சின்னது. அந்தச் சின்னதுதான் ஆணைத் தீர்மானிக்கிறது என்று 1905-இல் எழுதினார்.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பார்க்கச் சொல்லிக் கேட்கும் குடும்பத்தாருக்கும் தண்டனை உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும், இரண்டு டப்பாவை வைத்து இதைச் செய்து காட்டுங்கள். மாமியார்களையும் உட்கார வையுங்கள்.