இரும்பைப் பற்றும் வளி



வெடியம் எனும் நைட்ரசனின் அணு ஒன்றும் உயிர்வளி அணு ஒன்றும் கூடியது நைட்ரிக் ஆக்சைடு. ஊர்திப் புகையில் வரும் இந்நச்சுவளியை நம் குருதிக்குழாய்களின் உட்சுவரே ஆக்குகின்றது என்றால் வியப்பன்றோ?

எதற்காக ஆக்குகின்றது? குழாய்த் தசையினுள் குவானிலேட்டு சைக்கிளேசு என்னும் நொதியம் உண்டு. அதனுள் ‘ஈம்’ என்னும் வளையம்; வளையத்தின் நடுவே இரும்பணு. அவ்விரும்பைப் புரதத்தின் இசுட்டிடின் என்னும் கூறு பிடித்து நிற்கும். நைட்ரிக் ஆக்சைடு வந்து இரும்பைப் பற்றியதும் அப்பிடி அறும். நொதியம் வடிவு மாறிப் பன்மடங்கு விரைந்து தொழிற்படும். அது ஆக்கும் செய்திப்பொருளால் தசை தளரும், குழாய் விரியும், குருதி தடையின்றி ஓடும்.

நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் வில்லை உடலுள் இவ்வளியைத் தந்தே உதவுகின்றது. இவ்வளி குருதியோட்டத்தில் செய்தி சுமப்பதைக் கண்டறிந்த பர்ச்சுகாட்டு, இக்னாரோ, முராது மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயின், அளவு மீறின்? உயிரணு மூச்சுவிடத் துணைநிற்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேசு நொதியத்திலும் ஈம் உண்டு. அங்கே உயிர்வளிக்குரிய இடத்தை இவ்வளி அடைத்துவிடும். ஓரிடத்தில் திறவுகோல், மற்றோரிடத்தில் பூட்டு!

ஒன்றை மறவாதீர். நைட்ரேட்டு வில்லை உண்பார் சில்டெனாபில் உண்ணற்க. செய்திப்பொருள் அழியாது பெருகிக் குருதியழுத்தம் உயிர்க்கேடாய் வீழும்.