பழுதான ஆசனப்பட்டியும் நட்டஈட்டு உரிமையும்

இறக்குவானைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு வாடகை வேன் ஒன்று இரத்தினபுரி வைத்தியசாலையை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஆசனத்தில் நோயாளியின் தந்தையார் ஆசனப்பட்டியை முறையாகப் பூட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். மழையில் வழுக்கிய வேன், வளைவொன்றில் மண்மேட்டின் மீது மோதுகிறது. சாரதி சிறு கீறலோடு தப்புகிறார். பெரியவரோ முன் கண்ணாடியில் மோதி மண்டை உடைகிறார். “பட்டியைப் போட்டிருக்கமாட்டார்” என்கிறார்கள் எல்லாரும். பூட்டிய பூட்டு மோதிய கணத்தில் தானே திறந்துகொண்டது என்று அவர் சொல்வதை நம்புவார் இல்லை.

சில நாட்களில் வேன் உரிமையாளர் லயத்துக்கு வருகிறார். செலவுக்கென்று சிறு தொகையைக் கொடுத்து, ஒரு தாளிலே கையொப்பம் வாங்கிச் செல்கிறார். வேன் கராஜுக்குப் போகிறது. பழைய பட்டி குப்பைக்குப் போகிறது. வழக்குக்கு வேண்டிய முதற் சாட்சியும் அதனோடு போய்விடுகிறது.

இது கற்பனைதான். ஆனால் பட்டி பிழைப்பது கற்பனையன்று. இன்று உலகெங்கும் வழங்கும் மூன்று முனைப் பட்டியை வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின் 1959இல் அமைத்தார். எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்தப் பட்டியும் மனிதர் செய்த பொருள்தானே! 1995இல் அமெரிக்காவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பட்டியைத் திருத்துவதற்கென்று திருப்பி அழைக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஜப்பானிய வாகனங்கள். பட்டிகளைச் செய்தது தகாத்தா என்னும் ஜப்பானிய நிறுவனம். பூட்டின் சிவப்புப் பொத்தான் வெயிலில் நாட்பட்டு நொறுங்கி, அதன் துணுக்குகள் உள்ளே விழுந்து, பூட்டைச் சரிவர இயங்கவிடாமற் செய்தன. ஜப்பானில் ஓடிப் பழகிய வாகனங்களே நம் மலைப்பாதைகளில் மிகுதியாக ஓடுகின்றன என்பதை நேயர்கள் அறிவார்கள். வெயிலோடு மழையும் சேர்ந்தால் ஆணி துருப்பிடிக்கும், பட்டி இற்றுப்போகும், இழுத்துப் பிடிக்கும் சுருள் பிடிக்காமல் விடும்.

பட்டியா விபத்தை உண்டாக்கியது என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. ஆனால் விபத்து வேறு, காயம் வேறு. வாகனம் மேட்டில் மோதுவது முதல் மோதல். உள்ளே இருப்பவர் கண்ணாடியில் மோதுவது இரண்டாம் மோதல். இரண்டாவதால் மிகுந்த காயத்துக்கு வாகனத்தைச் செய்தவரும் பொறுப்பாளியாகலாம் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 1968இல், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கொன்றில் தீர்த்தது.

இலங்கையிலோ, இந்தியா 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் வகுத்ததைப் போன்று பழுதான பொருளுக்கெனத் தனியொரு பொறுப்புச் சட்டம் இல்லை. உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே, ஒருவருடைய கவனயீனத்தால் தீங்கு நேர்ந்தது என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஜப்பானில் உள்ள உற்பத்தியாளரை எதிர்த்துத் தோட்டக் குடும்பம் ஒன்று வழக்காடுவது ஏட்டளவில் இயலும். நடைமுறையில் மிக அரிது. பழுதான பட்டியோடு கூலிக்கு வண்டி ஓட்டிய உரிமையாளரை எதிர்ப்பது அத்துணை அரிதன்று. முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணிய வேண்டும் என்ற விதி 2011 முதல் நடைமுறையில் இருக்கும்போது, அணிந்த பட்டி பிடிக்குமா என்று பார்ப்பது யார் கடமை? வண்டியின் காப்புறுதி பயணிகளையும் உள்ளடக்குகிறதா என்பதைச் சட்டத்தரணி பார்க்கவேண்டும். உள்ளடக்கினால், வழக்குத் தொடுக்குமுன்போ தொடுத்த ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். பலர் தவறவிடுவது இந்த ஏழு நாட்களைத்தான்.

வாகனத்தை விலைக்கு வாங்கியவரே காயமுற்றால், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்றவரைப் பிடிக்க உதவும். பயணிக்கு அது உதவாது. அவர் எதையும் வாங்கவில்லையே. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம் என்பாரும் உளர். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். பட்டியின் பழுது மூன்று மாதத்தில் தெரிந்துவிடுமா என்ன?

தோட்ட நிருவாகத்தின் வேலையாகச் சென்றபோது காயமுற்றவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலைகொள்வோரின் குற்றத்தை நிரூபிக்காமலே ஆணையாளரிடம் நட்டஈடு கோரலாம். வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் 2022இல் வந்த திருத்தம் சேர்த்துக்கொண்டது. லொறியிலே நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பட்டியே கிடையாது என்பது வேறு கதை.

காயத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஓராண்டு வைத்தியத்திலே கழிந்துவிடும். எஞ்சிய ஆண்டு “வேன்காரர் தருவார்” என்ற நம்பிக்கையிலே கழியும். பணம் இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது அதற்கென்றே அமைந்தது.

ஆயினும் சட்டத்தரணியிடம் போகுமுன் செய்யவேண்டியவை சில உள. பூட்டு, பட்டி, ஆணி இருந்த இடம் யாவற்றையும் கைத்தொலைபேசியிலே படமெடுத்துக்கொள்ள வேண்டும். பட்டி அழுத்திய தழும்பு நெஞ்சிலோ தோளிலோ இருந்தால், வைத்தியரிடம் காட்டிக் குறிப்பிற் பதியச் செய்யவேண்டும். பட்டி போட்டிருந்தார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று ஏது? போடவில்லை என்று தீர்ந்தால், சொந்தக் கவனயீனத்துக்கென நட்டஈடு குறைக்கப்படலாம். பட்டியைக் கழற்றாமல் வைத்திருக்கும்படி உரிமையாளருக்குப் பதிவுத் தபாலிலே கடிதம் அனுப்பவேண்டும். பொலிஸ் நிலையத்திலே வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி வாசித்துக்காட்டி, “ஒப்பமிடுங்கள்” என்றால், தமிழிலே கொடுக்கும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு என்பதைப் பணிவோடு சொல்லலாம். “பூட்டு தானே திறந்தது” என்ற அந்த ஒரு வரி, முதல் வாக்குமூலத்திலேயே இருக்கவேண்டும்.