கணக்குக் கேட்ட உறுப்பினர்



1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். ஆள்வோர் மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை நாடு அன்று கண்டது. ஆறாண்டுகளின் பின், 1962-இல், அண்டையிலுள்ள பெரம்பலூர்த் தொகுதி, அக்கணக்கைக் கேட்பதையே தம் பணியாகக் கொண்ட ஒருவரை மக்களவைக்கு அனுப்பியது. அவர்தாம் இரா. செழியன்.

1923-இல் திருக்கண்ணபுரத்திற் பிறந்தவர்; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர்; நாவலர் நெடுஞ்செழியனின் இளவல். மக்களவையில் அப்போது காங்கிரசார் 361 பேர், தி.மு.கழகத்தினரோ எழுவர். வாக்கெண்ணிக்கையால் வெல்ல இயலாத எழுவருக்கு வினாவே படைக்கலம். 1967-இலும் 1971-இலும் அவரைத் தேர்ந்தெடுத்தது கும்பகோணம்.

பின்னர் அவர் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். இக்குழுவைப் பற்றி நீங்கள் அறிதல் வேண்டும். மக்களவையினர் 15 பேர், மாநிலங்களவையினர் 7 பேர். அமைச்சர் எவரும் இதில் இடம்பெறலாகாது. தணிக்கைத் தலைவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அவை இசைந்த தொகை இசைந்த செயலுக்கே செலவாயிற்றா என்று அதிகாரிகளை அழைத்து வினவுவர். செய்தித்தாளிற் பெரிதாக வராத வேலை. ஆயினும், மேடை முழக்கத்தினும் இதனையே நான் உயர்வாக மதிக்கின்றேன்.

1975-இல் நெருக்கடி நிலை வந்தது. அக்காலத்து அத்துமீறல்களை ஆராய 1977-இல் நீதிபதி ஷா தலைமையில் ஆணையம் அமைந்தது. 1978-இல் மூன்று பகுதிகளாக அறிக்கை தந்தது. 1980-இல் ஆட்சி மாறியபின் அதன் படிகள் கிடைத்தற்கரியனவாயின. ஜனதாக் கட்சியின் சார்பில் மாநிலங்களவையில் இருந்த செழியன், தம்மிடமிருந்த படியைப் பேணி வைத்தார். பழந்தாள்களை எடைக்குப் போடும் நம் வீடுகளில் இது எளிய செயலன்று! 2010-ஆம் ஆண்டில், தம் 87-ஆம் அகவையில், அம்முழு அறிக்கையையும் ஆங்கில நூலாகப் பதிப்பித்து வெளியிட்டார்.

ஏழாண்டுகளின் பின், 2017 ஜூன் 6-ஆம் நாள், அவர் மறைந்தார். அறிக்கை இன்று நூலகங்களில் இருக்கிறது; வேண்டுவோர் எடுத்துப் படிக்கலாம்.