தானியங்கி எந்திரங்களும் கடைசல் தொழிலாளரின் எதிர்காலமும்

(தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களிடையே ஆற்றப்பட்ட உரை)

தானியங்கி எந்திரங்கள் எத்தனை பேருடைய வேலையைப் பறிக்கும் என்ற கேள்வியே எங்கும் எழுப்பப்படுகிறது. கவலை நியாயமானதே. ஆயினும், எந்திரத் தொழில்களைப் பொறுத்தவரை அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பட்டறையில் கடைநிலையில் சேரும் இளைஞர் இருபது ஆண்டுகளில் எங்கே போய்ச் சேருவார்?

பழைய கடைசற்பட்டறையில் இதற்கு விடை இருந்தது. ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் ஹௌராவிலும் சிறு பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் முதலில் இரும்புச் சுருள்களைக் கூட்டிப் பெருக்குவான். பிறகு வெட்டுக் கருவியைச் சாணை பிடிக்கக் கற்பான். பின்னரே லேத்தின் கைச்சக்கரம் அவன் கைக்கு வரும். கருவி அதிரும் ஓசையைக் கேட்டு வேகத்தைக் குறைப்பதும், சுருளின் நிறத்தைக் கண்டு வெப்பத்தை அறிவதும் ஏட்டில் வாராத கல்வி. 1950ஆம் ஆண்டில் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் இந்த ஏணிக்கு முறையான வடிவமும் சான்றிதழும் அளித்தன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் எந்திரம் 1952ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணிப்பொறி பிடித்தது. அதுவே இன்று சிறு பட்டறைகளிலும் காணப்படும் சி.என்.சி. எந்திரம். இதனால் கடைசல்காரரின் திறமை அழிந்துவிடவில்லை, மூன்றாகப் பிரிந்துவிட்டது. கட்டளைகளை எழுதுபவர் புரோகிராமர். கருவிகளைப் பொருத்தி, அளவுகளைப் பதிந்து, முதல் உருப்படியைச் சரியாக எடுத்துத் தருபவர் செட்டர். உருப்படியை மாட்டி, பொத்தானை அழுத்தி, கழற்றி வைப்பவர் ஆபரேட்டர். புதிதாகச் சேர்பவர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைப்பது இந்த மூன்றாவது வேலை. மாட்டிக் கழற்றும் பணியை எந்திரக்கை ஏற்கும்போது முதலில் மறைவதும் அதுவே.

எடுபிடியாகச் சேர்ந்தவன் வேலையைப் பார்த்தே மேலேறினான். பொத்தானை அழுத்துபவர் பத்தாண்டுகள் அழுத்தினாலும் செட்டராகிவிடுவதில்லை. ஏணியின் நடுப்படிகள் கழன்றுவிட்டன.

அப்படிகளை மீண்டும் பொருத்த இயலும். வெட்டுமுனை தேயத் தேயக் கடையப்படும் உருளையின் விட்டம் சிறிது சிறிதாகக் கூடும். மைக்ரோமீட்டரால் அளந்து, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு திருத்தம் கொடுக்க வேண்டிய நேரம் எது என்று அறிந்த ஆபரேட்டர் பாதி செட்டராகிவிட்டார் எனலாம். ஆனால் அத்திருத்தத்தைச் செய்யும் சாவியை மேற்பார்வையாளர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் தொழிற்சாலைகளும் உண்டு. எந்திரத்தைக் காக்கும் நோக்கம் புரிகிறது. தொழிலாளரின் வளர்ச்சியும் அதனுடன் பூட்டப்படுகிறது.

டர்னர் பயிற்சியின் இரண்டாண்டுப் பாடத்திட்டத்தில் சி.என்.சி. இடம்பெற்றுள்ளது. எனவே சாதாரண லேத்தை ஒதுக்கிவிடலாம் என்று சிலர் கருதுவது பிழை. வெட்டும் வேகமும் ஊட்டமும் கையால் உணரப்பட்டாலன்றித் திரையில் தோன்றும் எண்களுக்குப் பொருள் விளங்காது. ஃபிட்டர் தொழிலின் நிலை சற்று ஆறுதலானது. காற்றழுத்த, எண்ணெயழுத்த அமைப்புகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்குத் தானியங்கி எந்திரமே வேலையைக் கொண்டு வருகிறது.

ஆயிரம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ஐந்தாண்டுகளில் மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் அளித்தது. பணம் எந்திரத்தை வாங்கித் தரும். பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தில் உறையிட்டு மூடி வைக்கப்படும் எந்திரம் எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் நன்கறிவர். வெட்டுமுனைகள் உடையும், உடையவே வேண்டும். அவற்றை வாங்கத் தனி ஒதுக்கீடு தேவை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளருக்கு மறுதிறன் நிதியாகப் பதினைந்து நாள் ஊதியத்தை வேலையளிப்பவர் செலுத்த வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடு. எனினும் இது வேலை போன பிறகு வரும் உதவி. இரண்டாண்டுத் தொழிலைப் பதினைந்து நாள் ஊதியத்தில் கற்றுவிட முடியாது. குறித்த காலப் பணி முடிந்து வெளியேறுவோர் ஆட்குறைப்புக்கு உள்ளானவராகக் கருதப்படுவதும் இல்லை.

ஆகவே வேலையில் இருக்கும்போதே பயிற்சி கிடைக்க வேண்டும். சிறு பட்டறை உரிமையாளர் தயங்குகிறார். தம் செலவில் செட்டரானவரை அடுத்த தெருப் பட்டறை அழைத்துக்கொள்ளும் என்பது அவர் அச்சம். அது பொய்யும் அன்று. தனியொருவர் ஏற்கத் தயங்கும் இச்செலவைப் பொதுவில் ஏற்பதே பொருளாதார நியாயம். லூதியானாவிலும் அகமதாபாத்திலும் உள்ள மத்திய அரசின் கருவிக்கூடங்களைப் போன்ற இடங்களிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும், ஷிப்டு முடிந்து வருவோருக்கு மாலை வகுப்புகள் விரிவாக நடைபெற வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையென்று அவர்களைத் திருப்பி அனுப்பாமல், வரைபடம் ஒன்றையும் மைக்ரோமீட்டர் ஒன்றையும் கொடுத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.