பரியம் கொடுக்கிற வீடும் சீர் கேட்கிற வீடும்



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்யாணமும் கடனும்'. நம்ம ஆவடியிலேயே இருக்கிற நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2022 ஏப்ரலில் முதலமைச்சர் நேரில் வந்து போன பிறகு அந்த இடம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அங்க சம்பந்தம் எப்படிப் பேசுறாங்கன்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவங்க வீட்டுக்குள்ள பேசுறது வாக்ரி போலி. குஜராத்தியோடு உறவுள்ள மொழி. ஊர் ஊராப் போய் பாசிமணி வித்துப் பிழைச்ச ஜனங்க. சாமிக்கு ஆடு வெட்டுறவங்க, எருமை வெட்டுறவங்கன்னு அவங்களுக்குள்ள ரெண்டு பெரிய பிரிவு. தன் பிரிவுக்குள்ள பெண் எடுக்க மாட்டாங்க, அடுத்த பிரிவில்தான் எடுக்கணும். நமக்குப் பங்காளி, சம்பந்தி முறை இருக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. பெரியவங்க கூடிப் பேசி முடிப்பாங்க. பரியம் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. புருஷன் இறந்துட்டா அந்தப் பெண் மறுமணம் செய்துக்கிறதும் அவங்க வழக்கத்தில் உண்டு.

குழு வேலையா போனப்ப ஒரு அம்மா என்னைக் கேட்டாங்க: "பொண்ணைப் பெத்து, சோறு போட்டு வளர்த்தது நீங்க. காசும் நீங்களே குடுத்து அனுப்புவீங்களா?"

யோசிச்சுப் பாருங்க. நம்ம பாட்டிங்க 'பரிசம் போட்டாச்சு'ன்னு சொல்வாங்களே, அந்தப் பரிசம் மாப்பிள்ளை வீடு கொடுத்ததுதான். சொல் அப்படியே இருக்கு, கொடுக்கிற கைதான் மாறிப்போச்சு.

சஹாரா பாலைவனத்தில் துவாரெக்னு ஒட்டகம் மேய்க்கிற நாடோடி மக்கள் இருக்காங்க. அங்கேயும் மாப்பிள்ளை வீடுதான் கால்நடை கொடுக்கணும். குடியிருக்கிற கூடாரம் பெண்ணோட சொத்து. ஒத்துவராமப் பிரிஞ்சா கூடாரம் அவளுக்குத்தான், வெளியே போறவன் ஆம்பளை.

அதுக்காக, பரியம் கொடுக்கிற இடத்துல பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட முடியாது. அந்த அம்மாகிட்ட நான் திருப்பிக் கேட்டேன், "உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆனப்ப என்ன வயசு?" அவங்க பதில் சொல்லலை. திருவிழாவுக்குத் திருவிழா வியாபாரத்துக்குக் குடும்பமே கிளம்பும்போது பிள்ளையோட படிப்பு நின்னுடுது. படிப்பு நின்னா அடுத்து கல்யாணப் பேச்சுதான். இது அந்தக் குடியிருப்பில் மட்டுமா நடக்குது? நம்ம தெருவிலும் பத்தாவதோடு நிறுத்தின பொண்ணுக்கு வரன் பார்க்கிறாங்களே! பணம் எந்தப் பக்கம் போனாலும், பேரம் பேசுற இடத்துல அவளை ஒரு வார்த்தை கேட்கிறதில்லை.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். இன்னும் பல குழுக்களில் கடன் நோக்கம்னு 'குடும்பச் செலவு' என்று எழுதியிருக்கும். அது மாப்பிள்ளை கேட்ட பைக்குன்னு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பொண்ணு போய்ச் சேர்ந்திடுவா. மாசா மாசம் தவணை கட்டுறது அம்மா.

அதனால கூட்டமைப்புக்கு நாலு விஷயம் சொல்றேன். ஒண்ணு, கடன் நோக்கத்தை உள்ளது உள்ளபடி எழுதணும். சீர் வரிசைக்குக் கடன் கிடையாதுன்னு குழுவே தீர்மானம் போடணும். தொழிலுக்கும் படிப்புக்கும் தாராளமா கொடுக்கலாம். ரெண்டு, 18 வயசு ஆகாத பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு காதில் விழுந்தா, முதல்ல அந்த வீட்டுல போய்ப் பேசணும். கேட்கலைன்னா 1098-க்குச் சொல்லணும். 2006 சட்டப்படி, நடத்தி வைக்கிறவங்களுக்கும் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அரசுப் பள்ளியில் படிச்சுக் கல்லூரி போற பொண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருது. நரிக்குறவர் பிள்ளைகளுக்கு 2023 முதல் பழங்குடியினர் சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கு. இதையெல்லாம் அந்தத் தாய்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. மூணு, கல்யாணம் முடிஞ்ச 90 நாளுக்குள்ள பதிவு பண்ண வைங்க. நாலு, வீடோ மனையோ வாங்கினா பத்திரத்துல பொண்ணு பேரு இருக்கணும். பாலைவனத்துப் பொண்ணுக்குக் கூடாரம் சொந்தம்னா, ஆவடிப் பொண்ணுக்கு அரை கிரவுண்டாவது சொந்தமா இருக்கக் கூடாதா?

இந்த நாலையும் அடுத்த மாதக் கூட்டத்தில் உங்க தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.