ஆண்டான் விளக்கு



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் அவதரித்த ஊர் என்று நெடுங்காலமாகப் பெயர் பெற்ற அவ்வூரை இன்று உலகம் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012இல் டெய்ம்லர் நிறுவனத்தின் பாரவண்டித் தொழிற்சாலையும் அங்கே எழுந்தது. ஏரியும் வயலும் சூழ்ந்த அந்த வட்டாரத்தில் இன்று பொழுது விடியுமுன்பே நிறுவனப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைகின்றன.

உங்களுள் பலர் நாளை அப்பேருந்துகளில் இடம் பிடிக்கப் போகிறவர்கள். இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று ஆசிரியர்கள் உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். அந்த இயந்திரத்தின் அருகே வந்து நிற்கும் மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, அவருடைய நம்பிக்கையை எவ்வாறு பெறுவது என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், அதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

மேலதிகாரியின் நம்பிக்கையைப் பெற இரண்டு வழிகள் உண்டென்று பலர் எண்ணுகிறார்கள். ஒன்று, அவர் மனம் குளிரப் பேசுவது. மற்றொன்று, வாயே திறவாமல் இருப்பது. முதலாவதற்கு இச்சகம் என்று பெயர்; இரண்டாவதை அடக்கம் என்று தவறாக அழைக்கிறோம். இரண்டிலும் குறை ஒன்றே. அதிகாரிக்குத் தெரிந்தே தீரவேண்டிய செய்தி அவரை எட்டுவதில்லை.

இதை விளக்க உங்களை ஒரு தறியின் அருகே அழைத்துச் செல்கிறேன். ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரம் இருக்கிறது. அங்கே கைத்தறியில் அமர்ந்த நெசவாளர், பாவில் ஓர் இழை அறுந்தால் கையை நிறுத்துகிறார், இழையை முடிகிறார், பிறகே தொடர்கிறார். நிறுத்தாமல் நெய்தால் புடவை முழுவதும் குறை ஓடும். மனிதர் செய்யும் இந்தக் காரியத்தை இயந்திரத்துக்கும் கற்பித்தார் ஜப்பானியரான சகிச்சி டொயோடா. 1924இல் அவர் நிறைவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்த கணமே தானாக நின்றுவிடும். அவருடைய மைந்தர் கீச்சிரோ நிறுவிய டொயோட்டா மோட்டார் நிறுவனம் அந்தக் கருத்தைத் தறியிலிருந்து கார்த் தொழிலுக்குக் கொண்டு சென்றது. பொருத்தும் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டவுடன் ஒரு கயிற்றை இழுக்கலாம். உடனே தலைக்கு மேலே விளக்கு எரியும். மேற்பார்வையாளர் ஓடி வருவார். குறை தீராவிட்டால் வரிசையே நிற்கும்.

அந்த விளக்குப் பலகைக்கு அவர்கள் இட்ட பெயர் ஆண்டான் என்பது. ஜப்பானிய மொழியில் அது பழங்காலத்துக் காகித விளக்கைக் குறிக்கும் சொல். நம் செவிக்கோ ஆண்டான் என்றவுடன் ஆண்டான் அடிமை என்ற தொடரே நினைவுக்கு வருகிறது. நம் ஆண்டான் பணிந்து நிற்கச் சொல்லும் சொல். அவர்கள் ஆண்டான் உள்ளதை வெளிச்சமிட்டுக் காட்டும் சொல். இன்று உலகெங்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளில் இம்முறை வெவ்வேறு வடிவங்களில் பரவியிருக்கிறது. ஆயினும் கயிற்றை இழுக்க வேண்டியது மனிதரின் கை. அந்தக் கைக்குத் துணிவு வேண்டும்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்து வந்த பெண் ஒருத்தி எங்கள் பிரிவில் பயிற்சியில் இருந்தாள். சக்கரத்தின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு குறித்த அளவுக்கு இறுக்குவது அவளுடைய வேலை. அளவு எட்டியதும் கருவியில் டக்கென்று ஓர் ஓசை கேட்கும். ஒரு நாள் காலை அவள் வரிசையை நிறுத்தச் சொல்லி விளக்கைப் போட்டாள். அன்றைய உற்பத்திக் கணக்கோ ஏற்கெனவே பின்தங்கியிருந்தது. நான் விரைந்து சென்றேன்.

“சார், ஒன்பதரை மணியிலிருந்து இந்த ரெஞ்சில் ஓசை சரியாக வரவில்லை. ஒன்பதரைக்கு முன் இறுக்கியவை நன்றாக இருக்கின்றன. அதற்குப் பிறகு 11 வண்டிகள் போயிருக்கின்றன. அவற்றின் எண்களை எழுதி வைத்திருக்கிறேன். வேறு ரெஞ்ச் கொடுத்தால் இந்த வண்டியிலிருந்து தொடர்கிறேன்” என்றாள்.

குரல் நடுங்கிற்று, சொற்கள் நடுங்கவில்லை. சற்று நேரத்தில் பிரிவின் மேலாளர் கோபத்தோடு வந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது, அவள் சொன்னதையே நான் திருப்பிச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 11 வண்டிகளையும் சோதித்தோம். அவற்றுள் மூன்றில் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. அந்த மூன்றும் அப்படியே சாலைக்குச் சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதன்பின் அப்பெண் “எல்லாம் சரியாக இருக்கிறது, சார்” என்று சொன்னால் மேலாளர் மறு கேள்வி கேட்பதில்லை. இதைக் கூர்ந்து நோக்குங்கள். கோளாறு உண்டு என்று சொல்லக் கூடியவள் என்று தெரிந்ததால்தான், கோளாறு இல்லை என்று அவள் சொன்னதற்கும் மதிப்பு வந்தது. எக்காலமும் “எல்லாம் சரி” என்றே சொல்கிறவரின் சொல்லை எந்த அதிகாரியும் எண்ணிக்கையில் கொள்வதில்லை.

அவளுடைய நான்கைந்து வாக்கியங்களில் என்னென்ன இருந்தன? என்ன நேர்ந்தது என்பது இருந்தது. எப்போது தொடங்கியது என்பது இருந்தது. எதுவரை பரவியிருக்கிறது என்பது இருந்தது. தான் செய்தது என்ன, இனி வேண்டுவது என்ன என்பனவும் இருந்தன. யார் குற்றம் என்பது மட்டும் இல்லை. அதை ஆராய்வதற்குப் பின்னால் நேரம் உண்டு. கெட்ட செய்தி சொல்லும்போது இந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். அதிகாரியின் கோபத்துக்கும் அதுவே நல்ல மருந்து. ஏனெனில் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையை அது அவர் கையில் கொடுத்துவிடுகிறது.

ஜப்பானிய அலுவலகங்களில் புதிதாகச் சேர்வோருக்கு மூன்று சொற்களைக் கற்பிப்பார்கள்: ஹோகோகு, ரென்ராகு, சோடான். செய்த வேலையின் நிலையை அறிவித்தல், தொடர்புடையவர்களுக்குத் தகவல் தருதல், ஐயம் நேரும்போது கலந்து ஆலோசித்தல் என்பன அவற்றின் பொருள். மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் ஹோரென்சோ என்றாகும். அது அவர்கள் மொழியில் ஒரு கீரையின் பெயருமாகும். நாள்தோறும் சிறிதளவு உண்ண வேண்டிய கீரையைப் போலத்தான் இந்தப் பழக்கமும். ஆபத்து வந்த அன்று மட்டும் அதிகாரியைத் தேடிச் செல்பவருக்குப் பேச்சு வராது. நாள்தோறும் இரண்டு சொல் நேராகச் சொல்லிப் பழகியவருக்கே அன்றும் நா எழும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். திருக்குறளில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. குளிர் காய்பவன் நெருப்பினிடத்துக் காக்கும் அளவை அங்கே வள்ளுவர் உவமையாக்குகிறார். ஆனால் அமைச்சு என்ற அதிகாரத்தில், அரசன் ஏற்காது தள்ளினாலும் உறுதியானதை எடுத்துரைப்பது அமைச்சனின் கடமை என்றும் வற்புறுத்துகிறார். அளவறிந்து நிற்பதும் அஞ்சாது சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் பாடம்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசுவது ஊழியரின் பொறுப்பு என்றால், நன்றாகக் கேட்பது அதிகாரியின் பொறுப்பு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. எது நேர்ந்தாலும் வரிசை நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். தொழிலாளருக்கும் நிருவாகத்துக்கும் ஓயாத பூசல். 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே இடத்தில் உற்பத்தியைத் தொடங்கியபோது, பழைய தொழிலாளர்களிலேயே பெரும்பாலோரைச் சேர்த்துக்கொண்டார்கள். வரிசையை நிறுத்தும் கயிற்றையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கு உருவான கார்கள் தரத்தில் பெயர் பெற்றன. கைகள் பழையவை, கேட்கும் காதுகளும் வேலைமுறையும் புதியவை.

எல்லா இடங்களிலும் அத்தகைய காதுகள் வாய்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். விளக்கைப் போட்டவரையே கடிந்துகொள்ளும் அதிகாரிகளும் உண்டு. அவரிடம் நேரில் சொன்னதைத் தேதியோடு எழுத்திலும் கொடுத்து வையுங்கள். ஊதியம், பாதுகாப்பு போன்ற பலருக்கும் பொதுவான குறைகளைத் தனி ஒருவர் தலையில் சுமத்துவதும் முறையன்று. அவற்றுக்குத் தொழிற்சங்கம் உண்டு. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் இரு தரப்பாரும் அமர்ந்து பேசும் பணிக்குழுக்களை அமைக்க, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமே வழி வகுத்தது. தனிக்குரலுக்கு உரியது எது, கூட்டுக்குரலுக்கு உரியது எது என்று பிரித்தறிவதும் பேச்சுத் திறனில் ஒரு பகுதியே.

மாணவ நண்பர்களே! இந்தப் பயிற்சியைத் தொடங்க நீங்கள் ஒரகடம் செல்லும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் குழாய் ஒன்று விரிசல் கண்டால், பிறர் கண்டுபிடிக்குமுன் நீங்களே ஆசிரியரிடம் செல்லுங்கள். ஒப்படைப்பு நாளைக்குள் முடியாது என்று தெரிந்தால், இன்றே சென்று எவ்வளவு முடிந்தது, எப்போது முடியும் என்று சொல்லுங்கள். நாளை உங்களுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்யும் காலமும் வரும். அப்போது ஒரு நடுங்கும் குரல் “சார், ஒரு கோளாறு” என்று தொடங்கினால், முதலில் கோபம் கொள்ளாமல் முழுவதையும் கேளுங்கள்; கேட்டபின் நன்றி சொல்லுங்கள். அந்த நன்றிதான் அடுத்த விளக்கை எரிய வைக்கும்.