கொச்சிக் காயலில் நூறு பேர்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிரயாணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். காசி, பத்ரி பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நான் தினமும் போய்வந்த பிரயாணத்தைச் சொல்கிறேன்.

1970களின் பிற்பகுதியில் எனக்கு எர்ணாகுளத்தில் உத்தியோகம். ஜாகை சிவன் கோயில் பக்கம். ஆபீஸ் வில்லிங்டன் தீவில். நடுவே காயல். அந்தத் தீவின் பெரும்பகுதி மனிதன் செய்தது. சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு 1920இல் அனுப்பிய எஞ்சினியர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டினார். ஆழப்படுத்தும்போது தோண்டிய மண்ணைக் கொட்டித் தீவாக்கினார். 1928இல் 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்ளே வந்தது.

படகில் சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்கு. எஞ்சின் கீழே, டிரைவரிடம். ஸ்ராங்கு கயிற்றை இழுப்பார், கீழே மணி அடிக்கும். அந்தக் கணக்கைக் கேட்டு டிரைவர் முன்னும் பின்னும் ஓட்டுவார். லாஸ்கர் வடத்தை வீசித் துறையில் கட்டுவார். வேலியேற்றம், இறக்கத்துக்குத் தக்கபடி படகு உயரும், தாழும், துறையோ அசையாது. என் தாயாரைக் கைபிடித்து ஏற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

வைப்பின் தீவுக்காரர்கள் எர்ணாகுளத்துக்கு நேரே வரப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். 2004இல்தான் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. ஒரு மழை நாள் சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து திரும்பினேன். யார் படகு என்பது வேண்டாம். நிற்க இடமில்லை. கரை நெருங்கியதும் எல்லோரும் இறங்கும் பக்கம் நகர்ந்தார்கள். படகு சாய்ந்தது, தண்ணீர் விளிம்பைத் தாண்டி என் செருப்பை நனைத்தது. ஸ்ராங்கு கத்தியதில் பாதிப் பேர் பின்வாங்க, பிழைத்தோம்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். நிற்பவர் கூடக்கூட ஈர்ப்பு மையம் மேலே ஏறும், ஒரு பக்கம் ஒதுங்கினால் படகு நிமிராது என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவன். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக ஏறினேனே! மறுவாரமும் ஏறினேன்.

கேரளத்தில் இந்தக் கணக்கு தவறியது ஒருமுறையல்ல. மகாகவி குமாரன் ஆசான் 1924இல் பல்லனையில் போனது படகு கவிழ்ந்துதான். 2002இல் குமரகத்தில் 29 பேர். பலர் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதப் புறப்பட்டவர்கள். 2009இல் தேக்கடியில் 45 பேர். 2015இல் ஃபோர்ட் கொச்சியில் 11 பேர் இறந்தது மீன்பிடிப் படகு மோதியதால். அது வேறு விஷயம்.

2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கியது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய, மின்கலத்தில் ஓடும் படகுகள். துறையே மிதக்கிறது, தண்ணீரோடு அதுவும் ஏறி இறங்குவதால் படகின் தளமும் அதுவும் ஒரே மட்டம். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். என் தாயார் இதைப் பார்க்கவில்லை. ஆனால் என்னைக் கவர்ந்தது வாசலில் இருக்கும் கதவு. ஒவ்வொருவராக எண்ணி விடுகிறது; நூறு ஆனால் மூடிக்கொள்ளும். அது ஓடத் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். பலர் குழந்தைகள்.

போன வருஷம் பேத்தியோடு வைப்பின் போகக் காத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் கதவு மூடியது. "இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கே தாத்தா, கேளேன்" என்றாள். பக்கத்தில் ஒருவரும் காவலாளியிடம் வாதாடினார். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். நான் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கு அந்த மழை நாள் கதையைச் சொன்னேன். கதை முடிவதற்குள் அடுத்த படகு வந்துவிட்டது.